நாய்க்குட்டியின் பேரில் எழுதியவை

நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நாலு மாதம் முழுகாமல் இருந்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். என் கணவர் புதுக்கோட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். நான் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஓர் ஓட்டு வீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுப்படி, கிணற்றடிக்குப் போகிற வழியில் சின்ன முற்றம். முன்பாதியில் வீட்டுக்கார அக்கா இருந்தார்.

ஒருநாள் சாயந்திரம் என் கணவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பை அசைந்தது. அவரிடம் படிக்கிற பையனின் அப்பா, கடலை போடுகிற சம்சாரி, குட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

"நான் பள்ளிக்கூடம் போயிட்டா நீ தனியாத்தானே இருக்க. ஒரு சீவன் கூட இருக்கட்டும்" என்றார்.

இறக்கிவிட்டதும் அது முதலில் செய்த காரியம் அவருடைய செருப்பு வாரைக் கவ்வியதுதான். அன்று ராத்திரிக்குள் விளக்குத் திரி ஒன்று போனது. மறுநாள் காலை அவர் சட்டையிலிருந்து ஒரு பொத்தான். அதற்கடுத்த நாள், கட்டில் கயிற்றின் ஒரு முனை. நாலாம் நாள் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு பொங்கியது. எழுந்து போய்த் திரும்புவதற்குள் நூல் அதன் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, ஊசி நாக்கின் மேலே. அவர் வீட்டில் இருந்தார். அதன் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறுகை விரலை வாய்க்குள் விட்டு எடுத்துவிட்டார். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.

அன்றுதான் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டார். தேதி, பொருள், எங்கே எடுத்தது, வெளியே வந்ததா இல்லையா என்று நாலு கட்டங்கள். அவர் எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும் என்று நினைக்கிற மனிதர். மழை பெய்தால்கூட எந்த நேரத்துக்குத் தொடங்கியது என்று காலண்டர் ஓரத்தில் குறிப்பார். நாலாவது கட்டத்தை நிரப்புவதற்காகக் காலையில் குட்டி வெளிக்குப் போன இடத்தில் குச்சியோடு உட்கார்ந்து கிளறிக்கொண்டிருப்பார். வீட்டுக்கார அக்கா கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரு என்ன தொலைச்சுட்டாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"பொத்தானத் தேடுறாருக்கா."

"கெடச்சா தச்சுப் போட்டுக்குவாராமா?"

பொத்தான் கிடைத்தது. திரியும் கிடைத்தது. நோட்டில் இரண்டுக்கும் நேரே 'வந்தது' என்று எழுதினார்.

இனிமேல் நான் சொல்லப்போவதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே எனக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. எங்கள் அறைச் சுவர் செம்புறாங்கல்லில் கட்டி மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. பீரோவை ஒட்டினாற்போல ஓரிடத்தில் காரை உப்பிக்கொண்டு நின்றது. ஒருநாள் கூட்டும்போது அதிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். அடுத்த கணம் வாயில் இருந்தது. ஏன் போட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. பல்லில் நறநறத்து, நாக்கில் மாவாகி, வாயில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. அதுவரை காலையில் இருந்த குமட்டல் சட்டென்று நின்றுபோனது.

மறுநாளும் அந்த இடத்துக்கே போனேன். பிறகு நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். அவர் பள்ளிக்கூடத்துக்காகச் சிலேட்டுக் குச்சி டப்பா ஒன்று அலமாரியில் வைத்திருந்தார், குச்சி இல்லாமல் வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு. அதிலிருந்து ஒன்று, பிறகு இரண்டு. அடுப்புக் கரியும் சேர்ந்துகொண்டது. கோயில் திருநீற்றை முழுகாமல் இருப்பவள் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதுவே ஒரு கைப்பிடி என்றால் எப்படிச் சொல்வது? இதைச் செய்கிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தி மட்டுந்தான் என்று நினைத்திருந்தேன். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வாயில் இருப்பதை அப்படியே விழுங்கிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுப்பேன்.

குட்டி வந்த பிறகு எனக்கு ஒரு வசதி ஏற்பட்டது. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு நாள் அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "குச்சி கொறையுதே. குட்டி எடுக்குதோ?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் நோட்டை எடுத்து, 'சிலேட்டுக் குச்சி, 2' என்று எழுதினார். நாலாவது கட்டத்தில் 'வரவில்லை' என்று போட்டார். அதன்பின் அந்தப் பக்கத்தில் வரவில்லை, வரவில்லை என்று வரிசையாக வந்தது.

சுவரில் விழுந்த பள்ளமும் அவர் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்து அடிஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். தரையிலிருந்து மூன்றே கால் அடி. குட்டியைப் பின்னங்காலில் நிறுத்தி அளந்தார். ஒன்றரை அடிகூட இல்லை. அது ஸ்கேலைக் கவ்வியது. அவர் வெகுநேரம் யோசித்தார்.

"டிரங்குப் பெட்டி மேல ஏறி நின்னு சொரண்டுமோ?"

"ஏறும்போல" என்றேன்.

அவர் டிரங்குப் பெட்டியை அங்கிட்டு நகர்த்தி வைத்தார். அலமாரிக் கதவுக்குக் கயிறு கட்டினார். அப்படியும் குச்சி குறைந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியந்தான் கூடிக்கொண்டே போனது. ஒரு நாய்க்குட்டி கயிற்றை அவிழ்த்துத் தின்றுவிட்டு மறுபடி கட்டி வைக்குமா என்கிற சந்தேகம் அவருக்கு வந்திருக்க வேண்டும். என்னைப் பற்றிய சந்தேகம் மட்டும் வரவே இல்லை.

அவர் போன பிறகு பகல் முழுவதும் குட்டியும் நானும்தான். அது எப்படித் தின்கிறது என்று கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் மோந்து பார்க்கும். பிறகு நாக்கு நுனியால் தொடும். பிறகு முன்பல்லால் இலேசாகக் கடித்து, பொருளைக் கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டு தலையைச் சாய்த்து மெல்லும். பெரும்பாலும் மெல்வதோடு சரி. சலித்துப் போனால் துப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படியானால் எப்போதுதான் விழுங்குகிறது?

ஒருநாள் அடுப்படி வாசலில் ஒரு கரித்துண்டை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. நான் ஓரடி எடுத்து வைத்தேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தது. இன்னோர் அடி வைத்தேன். கண் என் கைக்கு வந்தது. நான் குனிந்ததும் கழுத்தை நீட்டி மடக்கென்று விழுங்கிவிட்டது.

செருப்புச் சத்தம் கேட்டதும் நான் செய்கிற அதே காரியம். என் தொண்டையே அசைந்ததுபோல இருந்தது. அது பசிக்காக விழுங்கவில்லை. பறித்துவிடுவார்கள் என்பதற்காக விழுங்கியது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் கத்திக்கொண்டு பாய்ந்து, வாயைப் பிளந்து, விரலை விட்டு, சீக்கிரம் விழுங்குவதற்கு அதைப் பழக்கியிருந்தோம்.

மறுநாள் அது ஒரு கொட்டாங்கச்சிச் சில்லைக் கவ்வியபோது நான் கிட்டப் போகவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அது சாப்பிடக் கூடிய கருவாட்டுத் துண்டு ஒன்றை என் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சில்லைக் கவ்வியபடியே வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்துக்கொள்ள முடியாதே. சில்லைக் கீழே போட்டது. அது கருவாட்டைத் தின்கிறபோது சில்லை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் அவருக்குச் செய்து காட்டினேன். இந்தத் தடவை குட்டி வாயில் இருந்தது துடைப்பக் குச்சி. அதையும் போட்டுவிட்டு வந்தது. அவர் கைதட்டிச் சிரித்தார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்ச நீ?"

"சும்மா தோணுச்சு" என்றேன்.

அவர் நோட்டின் பின்னட்டையில் எழுதினார்: 'துரத்தினால் விழுங்குகிறது. மாற்றுப் பொருள் கொடுத்தால் விட்டுவிடுகிறது.' அதற்குப் பிறகு நாங்கள் பாயவில்லை. ஊசி, பொத்தான், ஆணி எல்லாவற்றையும் தகர டப்பாவில் போட்டு மூடினோம். பழைய வேட்டித் துணியை அதன் வாயைவிடப் பெரிதாக முடிச்சுப் போட்டு, பானைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அதைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். எப்போதாவது பிசிறு தெரிந்தால் வாங்கி வைத்துவிட்டு வேறு துணி கொடுப்பேன்.

ஆனால் என்னுடைய ஆசை குறையவில்லை. புதிதாக ஒன்று வேறு சேர்ந்தது. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டிருந்தேன். அது விஷம் என்று தெரியும், ஆகையால் வாயில் வைக்கவில்லை. மோந்து மட்டும் பார்ப்பேன். தினமும் அவர் கிளம்பிப் போனதும் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெட்டியைப் பூட்டியே வைக்கச் சொல்லி அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். உருண்டைகள் தரையில் உருளும் சத்தம் கேட்டது. புடவை நழுவியதில் மூன்று விழுந்திருந்தன. குட்டி ஓடிவந்து ஒன்றைக் கவ்வியது. அடுப்படியில் கருவாடு இருந்தது. உட்கார வேண்டும், முகத்தைத் திருப்ப வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் கண்டுபிடித்தேன். இருந்தும் வீல் என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். மடக்கென்று உள்ளே போனது. பயத்தில் அது இன்னொன்றைக் கவ்வியது. அதில் பாதியைத்தான் என்னால் பிடுங்க முடிந்தது.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற நேரம். அவர் வருவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயிலிருந்து வருகிற பாச்சை உருண்டை வாசத்தை மோந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அது எனக்குக் குமட்டியது.

அவர் வந்து கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருவோம். நோட்ட எடுத்துக்க, டாக்டர் கேப்பாரு" என்றார். குதிரைவண்டி பிடித்தோம். நோட்டு என் மடியில் இருந்தது. குட்டி அவர் மடியில் இருந்தது.

கால்நடை டாக்டர் ஒரு காளையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், அரைக்கைச் சட்டை, சட்டையில் மருந்துக் கறை. எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எப்ப முழுங்குச்சு?"

"முக்கா மணி நேரம் இருக்கும்ங்க" என்றேன்.

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ஒண்ணு முழுசா. இன்னொண்ணுல பாதி."

"நல்லவேளை, உடனே வந்தீங்க. வாந்தி எடுக்க வச்சுட்டா வெளிய வந்துரும். ஆனா ஒண்ணு. வகுத்துல கூரா ஏதாச்சும் கெடந்தா, மேல வரும்போது தொண்டையக் கிழிச்சுப்புடும். ரெண்டு மூணு நாளா வேற என்ன தின்னுருக்கு?"

என் கணவர் பெருமையாக நோட்டை நீட்டினார். டாக்டர் பிரித்துப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு போய்விட்டது.

"நேத்து சிலேட்டுக் குச்சி மூணு. முந்தாநாள் ரெண்டு. அதுக்கு முந்தி நாலு. ஒண்ணுகூட வெளிய வரலையா?"

"வரலீங்க. தெனமும் பாக்குறேன்."

"அப்ப எல்லாம் உள்ளதானே கெடக்குது, ஒடைஞ்சு." டாக்டர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். "வாந்திக்கு ஊசி போட முடியாதுங்க. வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

குட்டி மேஜைமேல் நின்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வாய் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

"குச்சிய நாயி திங்கலீங்க" என்றேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "காணாமப் போச்சே. கயிறு கட்டித்தானே வச்சிருந்தேன்."

"நாந்தான் தின்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இந்தச் சொவத்துக் காரை?"

"அதும் நாந்தாங்க."

ஒரு கோடு அடித்தார். "அடுப்புக் கரி?"

"பாதி அது. பாதி நானு."

"துடைப்பக் குச்சி?"

"அது நாயிங்க. ஆனா முழுங்கல, துப்பிருச்சு."

"திருநீறுன்னு போட்டிருக்கே, டப்பாவோட?"

"நானு. டப்பாவக் கடிச்சது மட்டும் நாயி."

பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டே போனார். அவர் குரலில் கேலி இல்லை. எந்த மாட்டுக்கு எந்தத் தீனி என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். முடிந்தபோது நோட்டில் பாதிக்குமேல் கோடு விழுந்திருந்தது. மிச்சம் இருந்ததில் கூரான பொருள் ஒன்றும் இல்லை. அவர் எழுந்து மருந்து அலமாரிக்குப் போனார். குட்டியின் தோலை இழுத்துப் பிடித்து ஊசி போட்டார். சில நிமிடங்களில் அது முதுகை வளைத்து வாந்தி எடுத்தது. முழு உருண்டை, பாதி உருண்டையின் துணுக்குகள், காலையில் தின்ற சோறு, நீலத் துணிப் பட்டை ஒன்று. டாக்டர் இடுக்கியால் எல்லாவற்றையும் தள்ளிச் சரிபார்த்தார். என் கணவரும் குனிந்து பார்த்தார்.

"நாலஞ்சு நாளைக்கு ஈற நல்லாப் பாருங்க. செவப்பு மாறி வெளுத்துச்சுன்னா, இல்ல ஒண்ணுக்கு காப்பி நெறத்துல போச்சுன்னா, அப்பவே தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். பிறகு என்னிடம், "கீழ் இமைய இழுத்துக் காட்டுங்கம்மா" என்றார்.

இழுத்துக் காட்டினேன்.

"வெள்ளையா இருக்கு. மாடு சொவத்த நக்கும், எலும்பக் கடிக்கும். எங்கிட்ட கொண்டாந்தா ஒடம்புல என்ன கொறையுதுன்னுதான் பாப்போம், மாட்டத் திட்ட மாட்டோம். நான் மாட்டு டாக்டரு, ஒங்களுக்கு மருந்து எழுத முடியாது. பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போங்க. ரத்தம் கொறைவா இருக்கும்னு நெனைக்கிறேன். அங்க இந்தக் குச்சி, காரையெல்லாம் மறைக்காமச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் குதிரைவண்டியில் ஏறவில்லை. நடந்தோம். குட்டி அவர் தோளில் துவண்டு கிடந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

"எது?"

"சிலேட்டுக் குச்சி. ருசி."

யோசித்துப் பார்த்தேன். "ருசின்னு ஒண்ணும் இல்ல. வாயில போட்டதும் ஒடம்பு சொன்னபடி கேக்கும். அவ்வளவுதான்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா எழுதிக்குவீங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நடுவீதி என்றுகூடப் பார்க்காமல் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பெண்கள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. "நீ காரையா? போன வாரம் ஒருத்தி அடுப்பு மண்ணு, அதுக்கு முந்தி ஒருத்தி பச்சரிசி" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. கூடவே, சின்னதாக ஓர் ஏமாற்றமும் இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரும்புச் சத்து டானிக் ஒன்று கொடுத்தார். பல்லெல்லாம் கறுக்கிற டானிக்.

அடுத்த சில நாட்கள் காலையில் எழுந்ததும் அவர் முதலில் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். பிறகு என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு இமையை இழுத்துப் பார்ப்பார். குட்டியின் ஈறு சிவப்பாகவே இருந்தது. என் கண் சிவக்க ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. பாச்சை உருண்டைகளை அன்றே தூக்கி எறிந்துவிட்டேன். புடவைக்கு நடுவே காய்ந்த வேப்பிலையைப் போட்டேன்.

ஆசை எந்த நாளில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் பீரோவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனபோது அந்தச் சுவரைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டிருந்தேன். திரும்பி வந்து வேண்டுமென்றே மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அத்தனை நாள் என்னை இழுத்துக்கொண்டிருந்தது எது, எங்கே போனது என்று துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றேன்.

ஏழாம் மாதம். பிறந்த வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். குட்டி முறத்துக்கு அருகில் ஈரத்துணி முடிச்சைக் கடித்துக்கொண்டு கிடந்தது. முடிச்சில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு தெரிந்தது. வாயில் புண்ணோ என்று பதறி அவரைக் கூப்பிட்டேன். இருவருமாக அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். முன்னால் ஒரு பல் இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தக் குழிக்குள் புதிதாக ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்த்தது.

"பல்லு விழுது" என்றார் அவர். "நாய்க்கும் பால்பல்லு விழுமா?"

எனக்கும் அதுவரை தெரியாது. விழுந்த பல்லைத் தேடினோம். முறத்து அரிசியில் ஒவ்வொரு மணியாகத் தள்ளித் தள்ளி அவர்தான் கண்டுபிடித்தார். அரிசியைவிடச் சற்றுச் சிறியது, அடி குழிந்து, உள்ளே வெற்றாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனையையும் கடித்தது என்று உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தோம். நோட்டில் ஒட்டி வைக்கலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. எழுந்து முற்றத்தில் நின்று, சின்னப் பிள்ளையில் என் பல்லை எறிந்ததுபோல, ஓட்டுக்கூரை மேலே எறிந்தேன். ஓட்டில் விழுகிற சத்தம்கூட அதற்கு இல்லை.

குட்டி என் கை போன திசையைப் பார்த்துவிட்டு, மறுபடி துணி முடிச்சுக்கு வந்து படுத்துக்கொண்டது.